வாசலில் விளக்கு, ஓரத்தில் உண்டியல்

டிசம்பர் மாதம், இரவு ஏழு மணி. அமெரிக்கப் புறநகர் ஒன்றின் குறுக்குத் தெரு. முகப்பு விளக்கை அணைத்துவிட்டு ஏழெட்டு கார்கள் ஓரமாக வரிசை கட்டி நிற்கின்றன. எதிரே ஒரு வீடு. கூரை விளிம்பு, ஜன்னல் சட்டம், வாசல் மரம், புல்தரை என்று ஓர் இடம் விடாமல் சீரியல் விளக்குகள். பாட்டின் தாளத்துக்கு அவை ஏறி இறங்குகின்றன, நிறம் மாறுகின்றன, அலையாக ஓடுகின்றன. ஆனால் தெருவில் சத்தமே இல்லை. புல்தரையில் நட்ட பலகையில் ஒரு பண்பலை எண் இருக்கிறது. காருக்குள் ரேடியோவை அந்த எண்ணுக்குத் திருப்பினால்தான் பாட்டு கேட்கும். பலகைக்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று. நம்மூர்ச் சொல்லில் உண்டியல். பார்க்கக் கட்டணம் கிடையாது, மனமிருந்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்ற பொருளில் அதன்மேல் எழுதியிருக்கும்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கிறிஸ்துமஸ் நாட்களில் வீட்டை விளக்கால் அலங்கரிப்பவர்கள் இப்படி நன்கொடை திரட்டுவது பழகிப்போன வழக்கம். சிலர் உணவு வங்கிக்குத் திரட்டுகிறார்கள், சிலர் குழந்தைகள் மருத்துவமனைக்கு. ஆட்டிசத்துக்காக உண்டியல் வைக்கிறவர்களில் பலருடைய வீட்டிலேயே ஆட்டிசம் உள்ள மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இருப்பார்கள். சொந்த வாசலைத் திறந்துவைத்து, சொந்தக் காசில் மின்கட்டணம் கட்டி, பனியில் ஏணி ஏறி ஒயர் இழுக்கும் அந்த உழைப்பை நான் மனதார மதிக்கிறேன். மதிப்பதனாலேயே ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு மினுக்கும் வெளிச்சம், உரத்த ஓசை, நெரிசல் மூன்றும் தாங்க முடியாதவை. யாருக்காக உண்டியல் வைத்திருக்கிறோமோ அந்தப் பிள்ளை இந்த வாசலில் நின்று பார்க்க முடியுமா?

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஆட்டிசத்தைத் தமிழில் சில நாளிதழ்கள் மதியிறுக்கம் என்று எழுதுகின்றன. அரசு ஆவணங்களில் புறஉலகச் சிந்தனையற்றோர் என்ற தொடரைப் பார்க்கலாம். இரண்டும் எனக்கு உவப்பில்லை. புற உலகை மிகக் கூர்மையாக உணர்கிற ஒருவரை, ஒரு டியூப்லைட்டின் ரீங்காரம்கூடத் துல்லியமாகக் கேட்கிறவரை, புற உலகமே அறியாதவர் என்று எப்படிச் சொல்வது? பெற்றோர்கள் வீட்டில் பேசும்போது ஆட்டிசம் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எண்பது பல்புகளில் தொடங்கியது

கிறிஸ்துமஸ் மரத்தில் முதலில் எரிந்தவை மெழுகுவத்திகள். தீப்பிடிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. 1882இல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 மின்பல்புகளைக் கட்டினார். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறம். பல்பு ஒவ்வொன்றையும் கையால் ஒயரில் இணைக்க வேண்டியிருந்தது. 1890களின் நடுவில் வெள்ளை மாளிகை மரத்திலும் மின்விளக்கு ஏறியது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1903 வாக்கில் ஆயத்தமாகக் கோத்த விளக்குச் சரங்களை விற்கத் தொடங்கியபோதும் வசதி படைத்தவர்களால்தான் வாங்க முடிந்தது. விலை இறங்க இறங்க, மரத்திலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து கூரைக்கும், கூரையிலிருந்து தெருவுக்கும் விளக்கு பரவியது.

தெருவுக்கு வந்ததும் ஈகை சேர்ந்துகொண்டது. அரிசோனாவின் டூசான் நகரில் விண்டர்ஹேவன் என்ற குடியிருப்பு 1949 முதல் ஆண்டுதோறும் விளக்கு விழா நடத்துகிறது. நுழைவு இலவசம். வருகிறவர்கள் உணவுப் பொருளோ பணமோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள், அது அந்தப் பகுதியின் உணவு வங்கிக்குப் போகிறது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் ஒரு குடும்பம் 2011இல் தன் வீட்டில் 3,31,038 விளக்குகளை எரியவிட்டு கின்னஸ் சாதனை படைத்தது. நன்கொடை, திடீர் மரணத்தில் கைக்குழந்தையை இழந்த பெற்றோருக்குத் துணைநிற்கும் அமைப்புக்குப் போனது. அடுத்த ஆண்டே நியூயார்க் மாநிலத்து லாகிராஞ்ச்வில் ஊரில் ஒரு குடும்பம் 3,46,283 விளக்குகளோடு அதை முறியடித்தது. 2013இல் கான்பெரா வீடு 5,02,165 என்று திருப்பியடித்தது. 2014இல் லாகிராஞ்ச்வில் 6,01,736. கடலுக்கு இரண்டு பக்கமும் இருந்த இரு வீடுகள் இப்படிப் போட்டி போட்டதில் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் வாசலுக்கு வந்தன. செய்தி வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் உண்டியல் நிறையும். இந்த முறையின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்.

கூட்டம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. அர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஜென்னிங்ஸ் ஆஸ்போர்ன் என்ற தொழிலதிபர் மகளின் ஆசைக்காக 1986இல் சில விளக்குகளைக் கட்டினார். அது வளர்ந்து 30 லட்சத்தைத் தாண்டியது. தெருவில் கார் நகர முடியவில்லை, அவசரத்துக்கு வாகனம் வர வழியில்லை என்று அண்டை வீட்டார் 1993இல் வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் தோற்றார். 1995இல் அந்த விளக்குகள் ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவுக்கு இடம்பெயர்ந்து, 2016 ஜனவரி வரை அங்கே எரிந்தன.

இசைக்கு ஏற்ப விளக்கு ஆடும் பாணியை உலகமெங்கும் கொண்டுபோனது ஒஹாயோ மாநிலத்து மேசன் ஊரின் ஒரு வீடு. மின்பொறியாளர் ஒருவர் 16,000 விளக்குகளைக் கணினியால் இயக்கிக் காட்டிய காணொளி 2005இல் இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. அவரும் அண்டை வீட்டாரை நினைத்து ஒலிபெருக்கி வைக்காமல், சிறிய பண்பலை ஒலிபரப்பி வழியாகவே பாட்டைக் கொடுத்திருந்தார். ஆனாலும் போக்குவரத்து நெரிந்தது. அந்தப் பகுதியில் ஒரு விபத்து நடந்தபோது காவலர்கள் வந்துசேரச் சிரமப்பட்டதால், அவரே நிகழ்ச்சியை நிறுத்திக்கொண்டார்.

பண்பலை ரேடியோ செய்த நன்மை

அந்தப் பண்பலை உத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது.

அமெரிக்க விதிகளின்படி உரிமம் இல்லாமல் யாரும் மிகக் குறைந்த வலுவில் பண்பலையில் ஒலிபரப்பலாம். அனுமதிக்கப்பட்ட அளவு சுமார் 200 அடிக்குள் அடங்கிவிடும். ஒரு வீட்டு வாசலுக்கும் அதற்கெதிரே நிற்கும் நாலைந்து கார்களுக்கும் அது போதும். அண்டை வீட்டாரின் தூக்கம் கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வரும் குடும்பத்துக்கு இது எதிர்பாராத வரம். பிள்ளை தனக்குப் பழகிய காரில், பழகிய இருக்கையில், பழகிய போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பா அம்மா கையில். பாட்டே வேண்டாமென்றால் ரேடியோவை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் பார்க்கலாம். வெளிச்சம் கூசினால் கண்ணாடிக்குத் திரை போடலாம். போதும் என்று பிள்ளை முகம் சொன்னால் கிளம்பிவிடலாம். வரிசையில் நின்று, முண்டியடித்து, அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்நியர்கள் பார்வையைத் தாங்கி வெளியேற வேண்டிய கொடுமை இல்லை. கோயில் திருவிழாவிலோ ஜவுளிக்கடையிலோ அந்தப் பார்வையைச் சந்தித்த பெற்றோருக்கு இதன் அருமை புரியும்.

வெளிச்சத்தைப் பற்றி ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி உணர்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் ஆய்விலேயே, உரத்த ஓசையும் நகரும் பொருள்களும் அவர்களைப் பயமுறுத்தியதைக் குறித்திருக்கிறார். ஆனாலும் புலனுணர்வு வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏற 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கையேடு இரண்டு பக்கத்தையும் சொல்கிறது: குறிப்பிட்ட ஓசைகளைத் தாங்க முடியாமை ஒரு பக்கம், விளக்குகளையும் அசைவையும் கண்ணெடுக்காமல் பார்க்கும் ஈர்ப்பு இன்னொரு பக்கம். விளக்கின் மேல் உள்ள ஈர்ப்பு நோயறிதல் கையேட்டிலேயே எடுத்துக்காட்டாக இருக்கிறது. நெதர்லாந்தில் 1970களில் பிறந்த, ஸ்னூஸலன் என்று பெயர் பெற்ற, புலன்களுக்கு இதமான அறைகளின் அடிப்படையும் இதுதான். குமிழி மெதுவாக ஏறும் ஒளிக்குழாய், நிறம் நிதானமாக மாறும் ஒளியிழை விளக்கு, அரையிருட்டு, மெத்தை. இன்று பல நாடுகளின் சிறப்புப் பள்ளிகளில் அப்படி ஓர் அறையைப் பார்க்கலாம்.

ஆக விளக்கு பகையல்ல. எந்த விளக்கு, எவ்வளவு வேகம், அடுத்தது என்ன வரும் என்று முன்பே தெரியுமா, விலகிக்கொள்ள வழி உண்டா என்பவைதான் பார்க்க வேண்டியவை. ஒரே பிள்ளைக்குத் திங்கட்கிழமை பிடித்த விளக்கு, தூக்கம் கெட்ட செவ்வாய்க்கிழமை தாங்காமல் போகலாம். பெற்றோர்கள் இதை அறிவார்கள்.

மினுக்கலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பொதுமக்களிடையே காண்பதைவிட ஆட்டிசம் உள்ளவர்களிடையே வலிப்பு நோய் அதிகம். வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு மினுக்கும் ஒளியே வலிப்பைத் தூண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இப்படிப்பட்ட ஆபத்தைத் தவிர்க்கத்தான் ஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. வீட்டு விளக்கு அலங்காரத்துக்கு அப்படி யாரும் விதி போட்டுக் கண்காணிப்பதில்லை. அமைக்கிறவர்தான் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மினுக்கலும் உண்டு. மலிவான எல்இடி சரங்களில் பல மாறுமின்னோட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் எரிபவை. அமெரிக்காவில் அவை விநாடிக்கு 60 முறை அணைந்து எரிகின்றன, பிரிட்டனில் 50 முறை. தலையைத் திருப்பும்போது விளக்கு புள்ளி புள்ளியாகச் சிதறுவதுபோல் சிலருக்குத் தெரியும். பலருக்கு எதுவுமே தெரியாது. கூர்மையான கண் உள்ளவருக்கு அது தலைவலி. மின்னோட்டத்தின் இரு பாதியிலும் எரியும் சரமோ, நேர்மின்னோட்டத்தில் ஓடும் சரமோ வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். சற்று விலை கூடுதல். ஆட்டிசத்துக்காக என்று பலகை வைக்கும் வீட்டில் அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

மின்சாரக் கணக்கு

இவ்வளவு விளக்கை எரிக்கும் பணத்தை நேராகக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய இழைபல்புச் சரத்தில் சின்ன பல்பு ஒன்றுக்குச் சுமார் 0.4 வாட். 50,000 பல்பு என்றால் 20 கிலோவாட். இரவுக்கு ஐந்து மணி நேரம், முப்பது இரவு: 3,000 யூனிட். எல்இடியில் ஒரு விளக்குக்குச் சுமார் 0.07 வாட், அதே கணக்குக்கு 525 யூனிட். யூனிட்டுக்கு 16 சென்ட் என்று வைத்தால் முன்னது 480 டாலர், பின்னது 84 டாலர். இசைக்கு ஆடும் காட்சியில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை என்பதால் உண்மைச் செலவு இன்னும் குறையும். பாதுகாப்புக்கும் இது முக்கியம். அமெரிக்க வீட்டின் சாதாரண 15 ஆம்பியர் இணைப்பில் நீண்ட நேரத்துக்கு 1,440 வாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. 20 கிலோவாட்டுக்கு அப்படி 14 இணைப்புகள் வேண்டும். எல்இடிக்கு மூன்று போதும்.

ஆக மின்கட்டணம் பெரிய சுமை இல்லை. செலவு விளக்கிலும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. அதைவிட அதிகம் மனித உழைப்பில். இன்று ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கும் பிக்சல் சரங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு நிரல் கோக்க எக்ஸ்லைட்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நிமிடப் பாட்டுக்கு எந்த விளக்கு எந்தக் கணத்தில் எந்த நிறம் என்று கோத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். வேனிற்காலத்திலேயே தொடங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொறுமையும் நுணுக்கமும் ஒழுங்கின் மேல் காதலும் வேண்டிய வேலை. ஆட்டிசம் உள்ள இளைஞர்களில் சிலருக்கு இது மிகப் பொருந்தும் வேலை என்பதை இந்தக் குடும்பங்களே கண்டிருக்கின்றன. உதவி பெறுகிறவராக மட்டும் பார்க்கப்பட்டவர் இங்கே கலைஞராக நிற்கிறார். அவர் பெயரையும் பலகையில் எழுதலாம், அவர் சம்மதித்தால்.

உண்டியல் எங்கே போகிறது

எவ்வளவு திரண்டது என்பதைக் காட்டிலும் எங்கே போகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டிசம் என்ற பெயரில் இயங்கும் அமைப்புகள் எல்லாம் ஒன்றல்ல.

அமெரிக்காவில் பெயர் பெரிதாகத் தெரிவது ஆட்டிசம் ஸ்பீக்ஸ். 2005இல் பாப் ரைட், சூசன் ரைட் தம்பதியர் பேரனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின் தொடங்கியது. அதற்குத் தொடக்க நிதியாக 2.5 கோடி டாலர் கொடுத்தவர் பெர்னி மார்கஸ். அமெரிக்கர்கள் விளக்குச் சரம் வாங்கப் போகும் ஹோம் டிப்போ கடைகளை நிறுவியவர்களில் ஒருவர். ஐநா பொதுச்சபை 2007இல் ஏப்ரல் 2ஐ உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. 2010 முதல் அந்த நாளில் கட்டடங்களையும் வீடுகளையும் நீல விளக்கால் ஒளிரவிடும் இயக்கத்தை ஆட்டிசம் ஸ்பீக்ஸ் நடத்தியது. வீட்டு விளக்கையும் ஆட்டிசத்தையும் பொதுமக்கள் மனதில் இணைத்ததில் அந்த நீலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே நீலத்தை ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. குடும்பத்தைக் குலைக்க வந்த கொடிய பகையாக ஆட்டிசத்தைச் சித்திரித்து அந்த அமைப்பு 2009இல் வெளியிட்ட காணொளி அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. எங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நாங்கள் எங்கே என்று கேட்டார்கள். 2006இல் ஆட்டிசம் உள்ளவர்களே சேர்ந்து தொடங்கிய தன்வாதிடுவோர் கூட்டமைப்பு அந்தக் குரலை அமைப்பாக்கியது. நீலத்துக்குப் பதில் சிவப்பு என்று ஓர் எதிர்ப்பு இயக்கமும் எழுந்தது. 2016இல் ஆட்டிசம் ஸ்பீக்ஸ் தன் நோக்க அறிக்கையிலிருந்து குணப்படுத்துவது என்ற சொல்லை எடுத்துவிட்டது. ஆனாலும் பழைய காயம் ஆறவில்லை. ஆட்டிசத்தின் அடையாளமாகப் பலர் பயன்படுத்தும் புதிர்த்துண்டுச் சின்னத்தின் கதையும் இதே. 1963இல் பிரிட்டனின் தேசிய ஆட்டிச சங்கம் வரைந்த முதல் சின்னத்தில் புதிர்த்துண்டுக்குள் அழும் பிள்ளை ஒன்று இருந்தது. இன்று பலர் அதைத் தவிர்த்து முடிவிலிக் குறியைத் தேர்கிறார்கள். கூரை முழுவதும் நீலம் பூசி நடுவில் புதிர்த்துண்டு நிறுத்துவதற்கு முன், தெருவில் உள்ள ஆட்டிசம் உள்ள ஒருவரிடமாவது அது அவருக்கு எப்படிப் படுகிறது என்று கேட்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டு வாசலில் சேரும் தொகை அந்த ஊருக்குள்ளேயே செலவாவது நல்லது. மரபணு ஆராய்ச்சிக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். ஊர்ப் பள்ளிக்கு அது ஓர் அமைதி அறை, ஒரு டஜன் ஓசைத்தடுப்பு ஹெட்போன், பேச்சு வராத பிள்ளைக்குப் படம் தொட்டுப் பேச ஒரு கைக்கணினி. நீச்சல் வகுப்பை நான் முதலில் வைப்பேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பின் ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு நழுவிப் போக முயன்றிருக்கிறார்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. அப்படிப் போகிற பிள்ளைகளில் இறப்புக்கு முதன்மைக் காரணம் நீரில் மூழ்குவது. வர்ஜீனியாவில் 1999இல் தொடங்கிய புராஜெக்ட் லைஃப்சேவர், காணாமல் போகக்கூடியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும், கையில் கட்டும் ரேடியோ சமிக்ஞைக் கருவியைக் காவல்துறை வழியே கொடுக்கிறது. இப்படிப்பட்ட செலவுகள் உண்டியல் அளவுக்குள் அடங்குபவை.

அரசு கொடுக்காதா என்றால், கொடுக்கிறது, ஓட்டைகளோடு. அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990இல் ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. பள்ளிப் பருவம் வரை சேவை சட்ட உரிமை. 21, 22 வயதில் பள்ளி முடிகிற நாளில் அந்த உரிமையும் முடிகிறது. அதற்குப் பிறகு வீட்டு உதவி, வேலைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். பிரிட்டனில் சிக்கல் தொடக்கத்திலேயே. பரிந்துரை வந்து மூன்று மாதத்துக்குள், ஆட்டிசமா என்று கண்டறியும் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். இங்கிலாந்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்காணித்த இடங்களில் 2000இல் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று இருந்தது, 2022இல் 31இல் ஒருவர் என்று ஆகியிருக்கிறது. கண்டறியும் முறையும் விழிப்பும் வளர்ந்தது இதற்குப் பெரிய காரணம். ஆனால் கண்டறியப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் சேவை வளரவில்லை. அந்த இடைவெளியில்தான் உண்டியல் நிற்கிறது. அதை அடைக்க உண்டியலால் ஆகாது என்பதும் தெரிந்ததே.

பணத்தில் கைபடும் இடம் எல்லாம் சந்தேகத்துக்கு இடம். அதனால் சில பழக்கங்கள் வேர்விட்டிருக்கின்றன. எந்த அமைப்புக்கு என்று பெயர் சொல்லி அறிவிப்பது, அந்த அமைப்பிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பின்பே அதன் பெயரைப் பயன்படுத்துவது, கியூஆர் குறியை வீட்டுக்காரர் கணக்குக்குப் பதில் அமைப்பின் கணக்குக்கே இணைப்பது, பெட்டியை ஒவ்வொரு இரவும் இருவராக எண்ணி எழுதுவது, ஜனவரியில் தொகையை வெளியிடுவது. நேராக அமைப்புக்குப் போனால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை ரசீதும் கிடைக்கும். பிரிட்டனில் இன்னொரு லாபம்: கிஃப்ட் எய்ட் திட்டத்தில் வரி செலுத்துபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கிறது. ஒருவர் பெட்டியில் போடும் 30 பவுண்டு வரையிலான ரொக்கத்துக்கும், ஓர் ஆண்டில் மொத்தம் 8,000 பவுண்டு நன்கொடை வரை, தகுதியுள்ள அமைப்புகள் இதே சேர்க்கையைக் கோரலாம்.

அமைதி இரவு

2017 அக்டோபரில் பிரிட்டனின் தேசிய ஆட்டிச சங்கம் கடைகளில் ஆட்டிச மணிநேரம் நடத்தியது. விளக்கைத் தாழ்த்தி, இசையை நிறுத்தி, அறிவிப்புகளைக் குறைத்து ஒரு மணி நேரம். 2018இல் மோரிசன்ஸ் பேரங்காடி அதை நாடெங்கும் சனிக்கிழமைக் காலை வழக்கமாக்கியது. அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளும் தாவரத் தோட்டங்களும் தங்கள் விளக்கு விழாவில் இதுபோன்ற இரவுகளை ஒதுக்குகின்றன. வீட்டு அலங்காரத்தில் இதைச் செய்வது அவற்றைவிட எளிது. எல்லாம் கணினியில் ஒரு பட்டியல்தான். வாரத்தில் ஓர் இரவு வெளிச்சம் பாதி, மினுக்கலே இல்லை, நிறம் மாறினாலும் மூச்சு விடும் வேகத்தில், புகைக் கருவியும் வேடமிட்டவர்களும் கிடையாது. எத்தனை மணிக்கு எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், எங்கே நிறுத்தலாம், எங்கே திரும்பலாம் என்பதைப் படத்தோடு முன்பே இணையத்தில் போட்டுவிட்டால், பிள்ளை வீட்டிலேயே பார்த்துத் தயாராகும்.

முன்பே தெரிவது எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தமிழ்நாட்டுத் தீபாவளியை வைத்துச் சொல்லலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு போட்டபின், தமிழக அரசு காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நேரம் குறித்தது. காற்று மாசுக்காக வந்த விதி அது. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டில் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடிகாரத்தில் காட்டி, கதவடைத்து, காதுக்கு ஹெட்போன் மாட்டி, எட்டு மணிக்கு முடிந்துவிடும் கண்ணா என்று சொல்ல முடிகிறது. எட்டரைக்கு எதிர்வீட்டில் ஒரு சரவெடி வெடித்தால் அந்த வாக்கு பொய்யாகிறது. நியூ ஜெர்சியிலோ டொரண்டோவிலோ தீபாவளிக்குக் கட்டிய சரத்தைப் புத்தாண்டு வரை கழற்றாத தமிழ்க் குடும்பங்கள் இந்த உண்டியல் வழக்கத்தில் சேர நினைத்தால், ஒலியை விட்டு ஒளியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கார்த்திகை அகல் வரிசை ஏற்கெனவே அப்படிப்பட்ட ஒன்று. அது யாரையும் காதைப் பொத்த வைத்ததில்லை.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது ஒத்திகையை. நவம்பர் கடைசியில், பலகை நடுவதற்கு முன் ஒரு மாலை, ஊரில் உள்ள ஆட்டிசக் குடும்பங்கள் நாலைந்தை அழைத்து முழு நிகழ்ச்சியையும் ஓட்டிக் காட்ட வேண்டும். பேசக்கூடியவர்கள் வாயால் சொல்வார்கள். பேசாத பிள்ளையின் தோளும் கையும் சொல்லும். மூன்றாவது பாட்டில் கூரை முழுவதும் வெள்ளையாக வெட்டும் இடம் வந்ததும் ஒரு பிள்ளை காதையும் கண்ணையும் சேர்த்துப் பொத்திக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியில் அந்த வரியைத் திறந்து, வேகத்தைக் குறைத்து, வெள்ளையை மஞ்சளாக்கிச் சேமிக்கப் பத்து நிமிடம் போதும். பெட்டிக்குப் பூட்டு வாங்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்.